மாடியில் இருமுவது யார்?

பதுளைக்கு வந்த புதிதில், எங்கே வேலை என்று யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வரி அலுவலகம் என்றதும் பேச்சு அந்த இடத்திலேயே நின்றுவிடும். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண், அதுவரைக்கும் மகனுடைய கடை, புதிதாக எடுத்த வான், பண்டாரவளையில் வாங்கப்போகும் காணி என்று வாய் ஓயாமல் அளந்துகொண்டு வந்தவள், சட்டென்று யன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்க்கத் தொடங்குவாள். அதற்குப் பிறகு கடையும் இல்லை, வானும் இல்லை, எல்லாம் யாரோ மாமாவுடையது. நானும் பட்டுத் தெளிந்தேன். "கவர்மெண்ட் வேலை" என்று மட்டும் சொல்லப் பழகினேன். யாழ்ப்பாணத்துப் பேச்சு, நரைக்கத் தொடங்கிய தலை, தனிக்கட்டை என்றால் இந்த ஊரில் டீச்சர் என்றுதான் நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

ஊருக்கெல்லாம் வருடம் சித்திரைப் புத்தாண்டில் பிறக்கும். எங்களுக்கு அதற்குக் கொஞ்சம் முந்தி, ஏப்ரல் முதலாம் திகதியே பிறந்துவிடும். முட்டாள்கள் தினத்தில் பிறந்த வருடம் என்று யாராவது ஒருவர் வருடா வருடம் அதே பகிடியைச் சொல்வார், அதே ஆட்கள் சிரிப்பார்கள். செப்டம்பர் முடிவில் மிச்ச வரியைக் கட்ட வேண்டும். நவம்பர் முப்பதாம் திகதிக்குள் வருமான விபரத்தைக் கொடுக்க வேண்டும். அந்தக் கடைசிக் கிழமை அலுவலகம் திருவிழாக் கோயில் மாதிரி இருக்கும், சாமிக்குப் பதிலாக எல்லாரும் எங்களைத் திட்டிக்கொண்டு நிற்பார்கள் என்பதுதான் வித்தியாசம். பிறகு டிசம்பர் மழையில் எல்லாம் அடங்கும். ஜனவரியில் கொழும்பிலிருந்து இலக்கு வரும், போன வருடத்தை விடக் கூடுதலாக. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு தலையை ஆட்டுவோம்.

அந்த இலக்கோடு இன்னொன்றும் வரும்: இந்த வருடம் யாரை முதலில் பார்ப்பது. ஒரு வருடம் டியூஷன் ஆசிரியர்கள். ஒரு வருடம் பின்னேரத்தில் தனியாக மருந்து கொடுக்கும் டொக்டர்மார். ஒரு வருடம் எல்ல என்ற ஊர்ப் பக்கத்தில் வெள்ளைக்காரருக்கு அறை விடுபவர்கள். யாரைப் பார்ப்பது என்று தெரிந்த உடனே எனக்கு ஒரு காரியம் செய்யத் தோன்றும். எனக்குத் தெரிந்தவர்கள் யாராவது அதற்குள் வருகிறார்களா என்று மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பேன். பல வருடங்களாக யாரும் வந்ததில்லை. எனக்கு அவ்வளவுக்கு ஆட்களைத் தெரியாது.

வெளியே போகிற வேலைக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. போன இடத்தில் கை நனைக்கக்கூடாது. மடுல்சீமைக்கு ஒருமுறை போயிருந்தேன். பாதை என்று ஒன்று இருக்கவில்லை, குழிகளுக்கு இடையில் கொஞ்சம் தார் இருந்தது. வேர்க்க விறுவிறுக்க அல்ல, குளிரில் நடுங்கிக்கொண்டு ஒரு கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரரின் மனைவி இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணீரை ஆவி பறக்கக் கொண்டுவந்து வைத்தாள். வேண்டாம் என்றேன். "வெசமா வச்சிருக்கேன்?" என்று கேட்டாள். நான் கணக்குப் புத்தகத்தைக் கேட்டேன். சுற்றிலும் தேயிலை மலையாக இருக்க, நடுவில் நின்றுகொண்டு தேத்தண்ணீர் வேண்டாம் என்று சொல்லுகிற ஒரே கூட்டம் நாங்கள்தான்.

இன்னொன்று, நேரே கேட்கக்கூடாது. நேரே கேட்டால் நேரான பதில் வராது. வாடகைக்கு ஆள் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டால் யாராக இருந்தாலும் இல்லை என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக முற்றத்தில் நின்று, நாய் கடிக்குமா, பூச்செடி எங்கே வாங்கினீர்கள், மேலே யாரோ நடக்கிற சத்தம் கேட்கிறதே, யார் என்று கேட்க வேண்டும். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இதை நான்தான் சொல்லிக் கொடுப்பேன். அத்தோடு காதையும் பழக்க வேண்டும். வரிக்காரர் வாசலில் நின்றால் சனத்துக்குச் சொந்தக்காரர் பெருகுவார்கள். வாடகைக்கு இருப்பவர் மருமகன் ஆவார். சம்பளத்துக்கு நிற்பவன் ஒன்றுவிட்ட தம்பி ஆவான். சொந்தம் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் ஆட்கள் பேனையைத் திறப்பார்கள். இத்தனை வருடத்தில் அது எனக்கு ஒரு நோய் மாதிரி ஆகிவிட்டது. கலியாண வீட்டில் யாராவது இவர் என் பெரியப்பா மகன் என்று அறிமுகப்படுத்தினால்கூட ஒரு கணம் உற்றுப் பார்ப்பேன். கலியாண வீட்டுக்கு இப்போது யாரும் கூப்பிடுவதும் இல்லை.

நான் இருக்கும் வீட்டுக்கு வருகிறேன்.

பதுளையில் கடைத்தெருவுக்கு மேலே ஏறும் ஒரு குறுக்குத் தெருவில் அந்த வீடு. கீழே வீட்டுக்காரி, மாடியில் ஒற்றை அறையில் நான். அவர் மடுல்சீமைத் தோட்டத்து லயத்து வரிசை வீடொன்றில் பிறந்தவர். இளவயதிலேயே குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய், அங்கே உழைத்த காசில் கீழ்வீட்டையும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே அந்த ஒற்றை அறையையும் கட்டினார். அவர் அங்கே இருக்கும்போதே புருஷன் இங்கே இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. இப்போது பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்துக் கொடுத்து வாழ்கிறார். என்னை விட நாலைந்து வயது மூத்தவர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர் என்னை மிஸ் என்பார். அவரும் முதலில் டீச்சர் என்றுதான் நினைத்தார்.

நான் எங்கே வேலை செய்கிறேன் என்பது ஒருநாள் தெரிந்துதான் போனது. மாடிப்படியில் வழிமறித்துக் கேட்டார். "மிஸ், நீங்க வரி ஆபீஸ்லயாமே?"

"ஓம் அக்கா." வேறு வீடு தேட வேண்டும் என்று அந்த நிமிடமே கணக்குப் போட்டுவிட்டேன்.

"அப்ப நல்ல வேலைதான். யாருகிட்டயும் கையேந்தாம இருக்கலாம்," என்றார். பிறகு, "சாப்பிட்டீங்களா? இன்னிக்கி மரவள்ளிக்கெழங்கு அவிச்சேன்," என்றார். அவ்வளவுதான். எங்கே வேலை என்று தெரிந்த பிறகும் என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்டவர் இந்த ஊரில் அவர் ஒருவர்தான். கிழங்கை மாடிக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். காரணம் எனக்கே விளங்கவில்லை. கிழங்கு நன்றாக அவிந்திருந்தது.

அதன் பிறகு பின்னேரங்களில் அவரது தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை எனக்கென்று கிடந்தது. பெரிதாக ஒன்றும் பேச மாட்டோம். அவர் கொலர் தைப்பார், நான் நூல் வெட்டிக் கொடுப்பேன். குவைத்து வீட்டு அம்மாள் எப்படிக் கத்துவாள் என்று நடித்துக் காட்டுவார். அரபியில் திட்டுவது கேட்க நன்றாக இருக்கும். எனக்கு யாழ்ப்பாணத்தில் இப்போது யாரும் இல்லை. அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள், தம்பி கனடாவில். ஆனாலும் வருடா வருடம் இடமாற்றத்துக்கு எழுதிக்கொண்டேயிருந்தேன், பழக்கதோஷம். ஊர் என்று ஒன்று எங்கேயாவது இருக்க வேண்டும் அல்லவா? இந்த வருடம் விண்ணப்பத்தை எடுத்து வைத்துவிட்டு, முடிவு திகதி தாண்டும் வரைக்கும் வேண்டுமென்றே பேசாமல் இருந்தேன். அந்தக் கதிரையை விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஓய்வு பெறும் வரைக்கும் இந்த வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று தீர்மானித்திருந்தேன். இதை அவரிடம் நான் சொல்லவில்லை. வாடகைக்கு இருப்பவள் அப்படியெல்லாம் சொல்லலாமா என்று ஒரு கூச்சம்.

இந்த வருடம் கொழும்பு சொன்னது வாடகை வீடுகளை.

வழக்கம்போல் தெரிந்தவர் யார் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். முதல்முறையாக ஒருவர் வந்தார். அலுவலகப் பொறுப்பதிகாரியிடம் போய், நான் இருக்கும் தெரு இது, என்னை அந்தப் பக்கம் போடவேண்டாம் என்றேன். அது பெரிய தியாகமில்லை. தான் இருக்கும் தெருவுக்கு யாரும் போவதில்லை என்பது எங்கள் வழக்கம். இப்படியான தெருக்களுக்கு வெளி மாவட்டத்திலிருந்து ஆட்களை எடுப்பார்கள். எப்போது வருவார்கள் என்று எங்களுக்கும் தெரியாது. தெரிந்தாலும் வீட்டுக்காரருக்குச் சொல்லக்கூடாது. ஒரு பின்னேரம் நூல் வெட்டிக்கொண்டிருக்கும்போது சொல்லலாமா என்று நா நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

ஐப்பசி மழை தொடங்கியதும் எனக்குக் காய்ச்சல் பிடித்தது. காய்ச்சலை விட இருமல் மோசம். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மாடியில் சுருண்டு கிடந்தேன். அக்கா கஞ்சி கொண்டுவந்தார், போனார், பிறகு நெற்றியில் கைவைத்துப் பார்க்க மட்டும் ஒருமுறை ஏறி வந்தார். நெற்றியில் கைவைத்து ஒருவர் பார்ப்பது எவ்வளவு காலத்துக்குப் பிறகு நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அப்போதுதான் கீழே வாசல் கேற்றைத் தட்டும் சத்தம் கேட்டது.

மாடி அறைக்கும் கீழ் வாசலுக்கும் இடையில் பலகைப் படிதான். கீழே பேசுவதெல்லாம் தெளிவாகக் கேட்கும். வந்தவர் ஓர் ஆண், சிங்களத்தில் பேசினார். நல்ல மரியாதையான குரல். வீடு அழகாக இருக்கிறது என்றார். பூச்செடிகளைப் புகழ்ந்தார். நாய் இல்லையா என்றார். நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன். வந்திருப்பவர் யார் என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதையே ஒன்றுவிடாமல் செய்துகொண்டிருந்தார். அடக்கப் பார்த்தும் முடியாமல் இருமினேன்.

"மாடியில் இருமுவது யார் அம்மா?" என்று கேட்டார்.

எங்கள் கேள்வி. அச்சொட்டாக எங்கள் கேள்வி.

அக்கா உடனே சொன்னார்: "மகே நங்கி." என் தங்கை. கொஞ்சம் அவசரமாகவே சொன்னார். "சாதாரணக் காய்ச்சல்தான். நான் பார்த்துக்கொள்கிறேன்," என்று இன்னொரு வசனத்தையும் சிங்களத்தில் சேர்த்தார்.

எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது, அது காய்ச்சலால் இல்லை. இவருமா என்று நினைத்தேன். ஊரில் உள்ள அத்தனை பேரும் வாசலில் நின்று சொல்லும் அதே பொய். வாடகைக்கு இருப்பவளைத் தங்கையாக்கும் பொய். அதுவும் அந்த அலுவலகத்தில் வேலை செய்யும் என்னையே வைத்து! நாளைக்கு இது வெளியே வந்தால், வரி அதிகாரியே வீட்டுக்காரியோடு சேர்ந்து மறைத்தாள் என்றுதானே எழுதுவார்கள்? சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அலுவலக அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

வாசல் கதிரையில் உட்கார்ந்திருந்தவர் சின்ன வயதுக்காரர், கழுத்தில் அட்டை, கையில் கோப்பு. அக்கா சமையலறை வாசலில் தேத்தண்ணீர்த் தட்டோடு நின்றார். நான் அலுவலகச் சிங்களத்தில் சொன்னேன்: "நான் இவருடைய தங்கை இல்லை. எனக்கும் இவருக்கும் ஒரு சொந்தமும் கிடையாது. மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். மாதா மாதம் காசு கொடுக்கிறேன். நானும் நமது திணைக்களம்தான்."

அந்தப் பிள்ளை எழுந்து நின்றுவிட்டார். "மன்னிக்க வேண்டும் மேடம், தெரியாது மேடம்," என்றார். வாடகை எவ்வளவு, எப்போதிலிருந்து என்று கேட்டார். அக்காவை முந்திக்கொண்டு எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். தேத்தண்ணீரைத் தொடாமல், எனக்கு இன்னொரு மேடம் போட்டுவிட்டுக் கிளம்பினார். நல்ல பயிற்சி. படியேறும்போது நெஞ்சுக்குள் ஒரு சின்னப் பெருமை இருந்தது உண்மை. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இன்னொருமுறை அதே இடத்தில் நிறுத்தினாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். சொன்ன விதம் மட்டும் வேறாக இருந்திருக்கலாம்.

பொழுதுபடும் நேரம் அக்கா கொத்தமல்லித் தண்ணீர் அவித்து எடுத்துக்கொண்டு மேலே வந்தார். வராமல் விடுவார் என்று நினைத்திருந்தேன். கோப்பையை மேசையில் வைத்தார். முகத்தில் கோபம் எதுவும் தெரியவில்லை. அந்தத் தைரியத்தில் நான் பேசத் தொடங்கினேன். இந்த வாடகை பெரிய தொகை இல்லை, தையல் வருமானத்தோடு கூட்டினாலும் வரி விலக்கு எல்லைக்குள்தான் நிற்கும், பெயரைப் பதிந்துவிட்டால் போதும் என்று விளக்கினேன்.

"ஒரு சதமும் கட்டத் தேவையில்லை அக்கா. நீங்கள் அதுக்காகப் பொய் சொல்லியிருக்கவே தேவையில்லை."

"என்ன பொய் மிஸ்?"

"நான் உங்கட தங்கச்சி எண்டு சொன்னீங்களே, வரிக்காரருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கொஞ்சம் சிரிப்புக்கூட இருந்தது, விளங்காத பிள்ளையைப் பார்க்கிற மாதிரி. "அந்தத் தம்பி வரிக்காரருன்னு எனக்கு எப்புடித் தெரியும்? நீங்க எறங்கி வந்து சொன்ன பொறகுதான தெரியும். கழுத்துல அட்டை, கையில ஃபைலு. டெங்கு நொளம்பு பாக்க வர்றவங்கன்னு நெனச்சேன். போன மாசம் அடுத்த வீட்டுக்கு வந்தாங்கள்ல, அது மாதிரி. பின்னால வாளியில தண்ணி நிக்குதேன்னு பயமா போச்சு. இதுல பூச்செடி வேற பாக்குறாரு. அப்ப நீங்க இருமுறீங்க. மேல யாருன்னு கேக்குறாரு."

கோப்பையை என் பக்கம் நகர்த்திவிட்டு மேலே சொன்னார்.

"டெங்கு காய்ச்சல்னு சந்தேகப்பட்டா பேர எழுதி ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ப் போட்டுருவாங்க. அங்க யாரு இருக்கா உங்கள பாத்துக்க? யாரோ வாடகைக்கு இருக்கிறவங்கன்னா கூட்டிட்டுப் போயிருவாங்கன்னு தோணிச்சு. தங்கச்சின்னேன். நான் பாத்துக்கிறேன்னேன்."

கொத்தமல்லித் தண்ணீரிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. வாழ்நாள் முழுக்க ஆட்கள் சொல்லும் சொந்தத்தை நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்கியிருக்கிறேன். என்னை ஒருவர் சொந்தம் என்று சொன்ன ஒரே ஒரு தடவை, அதையும் அதே காதால்தான் கேட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அழுதால் காய்ச்சல் என்று சமாளிக்கலாம் என்றுகூட யோசித்தேன், ஆனால் அழுகை வரவில்லை.

"எனக்கு அப்பிடி விளங்கேல்லை அக்கா. எங்கட வேலையில எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம். நானும்..."

"விடுங்க. நீங்க சொன்னதுதான் சரி. வாடகைக்குத்தான இருக்கீங்க? மாசா மாசம் நோட்ட எண்ணிக் குடுக்குறீங்க, நானும் வாங்கிக்கிறேன். அத நான்தான் கொஞ்சம் மறந்துட்டேன்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குவைத்துக்காரியின் அரபியிலேயே திட்டியிருக்கலாம். நான் கடைசியாக ஒரு நியாயத்தைத் தேடிப் பிடித்தேன். "நான் உங்களை எப்பவும் அக்கா எண்டுதானே கூப்பிடுறன்?"

"அது எல்லாரும் கூப்புடுறதுங்க. மீன்காரருகூட அக்கான்னுதான் கூப்புடுறாரு." கதவு நிலையில் கையை வைத்துக்கொண்டார். "எனக்கு எல்லாரையும் அப்புடிச் சொல்ல வராது. குவைத்துல அத்தன வருசம் இருந்தேன், கூட வேல செஞ்ச ஒருத்தியக்கூட தங்கச்சின்னதில்ல. இன்னிக்கி வந்துருச்சு."

நான் கட்டிலிலிருந்து எழும்பப் பார்த்தேன். தலை சுற்றியது. அவர் வந்து பிடிப்பார் என்று நினைத்தேன். அவர் கதவடியிலேயே நின்றார்.

"ஆறிப்போகும், குடிங்க மேடம்," என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.